கார்ட்லெஸ் ட்ரில் வாங்கப் போறீங்களா? மெஷினுக்கு முன்னாடி பேட்டரியைப் பாருங்க!



ஆன்லைன் சேல் அறிவிச்சா போதும், கமெண்ட்ல ஒரே கேள்வி வந்து நிக்கும்: "ப்ரோ, கார்ட்லெஸ் ட்ரில் கிட் ஆஃபர்ல வருது, வாங்கலாமா?" இது டூல் பத்தின கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் முழுக்க முழுக்கப் பணம் பத்தின கேள்விதான். 25,000 – 30,000 ரூபாய் சம்பளத்துல ஒரு கிட் என்பது பாதி மாசச் சம்பளம். அதனால இன்னைக்கு இதை ஒரு முதலீட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்போம்.

உதாரணத்துக்குச் சென்னீர்குப்பத்தை எடுத்துக்குவோம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போற ரோட்டுல இருக்கிற ஏரியா. ஒரு பக்கம் சின்னச் சின்ன கம்பெனிகள், குடோன்கள். இன்னொரு பக்கம் வாடகை வீடுகள், புது அபார்ட்மென்ட்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ திருமழிசை சிட்கோவுக்கோ பைக்ல வேலைக்குப் போறவங்க, சிசிடிவி, ஏசி, இன்டீரியர் வேலை செய்யிற டெக்னீஷியன்கள், ஐடில இருந்துக்கிட்டு வாடகை வீட்டுல இருக்கிறவங்க, எல்லாரும் ஒரே தெருவுல இருப்பாங்க. இவங்க மூணு பேருக்கும் ஒரே ட்ரில் சரியா வருமா? வராது. ஏன்னு பார்ப்போம்.

நீங்க வாங்குறது ஒரு பேட்டரி குடும்பம்

கார்ட்லெஸ் கிட் விலையில எது அதிகம்? ட்ரில் இல்லீங்க. பேட்டரியும் சார்ஜரும்தான்.

ஒரு கணக்கு போடுவோம். இது புரிய வைக்க நான் எடுத்துக்கிட்ட நம்பர். நீங்க பார்க்கிற கிட்டோட விலையை இதே மாதிரி பிரிச்சுப் பாருங்க.

- மெஷின் மட்டும்: ரூ.5,000
- சார்ஜர்: ரூ.2,000
- பேட்டரி இரண்டு: ரூ.3,500 × 2 = ரூ.7,000
- மொத்தம்: ரூ.14,000

பாதிப் பணம் பேட்டரிக்கே போயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு கிரைண்டர் வேணும்னு தோணுது. அதே பிராண்டுல, அதே பேட்டரி வரிசைல வாங்கினா மெஷின் மட்டும் போதும். கடைல இதை "சோலோ"ன்னு சொல்லுவாங்க. ரூ.5,000-ல வேலை முடிஞ்சது. வேற பிராண்டுக்குப் போனா மறுபடி பேட்டரி, மறுபடி சார்ஜர், மறுபடி ரூ.14,000.

மூணு டூல் வாங்குறவருக்கு ஒரே குடும்பத்துல ஆகிற செலவு 14,000 + 5,000 + 5,000 = ரூ.24,000. ஆஃபர் பார்த்து மூணு பிராண்டுல வாங்கினா ரூ.42,000. வித்தியாசம் 18,000 ரூபாய்.

இதோட முடியல. சில வருஷத்துல பேட்டரி தளர்ந்து போகும். ஒரே குடும்பம்னா 2 பேட்டரி மாத்தணும், ரூ.7,000. மூணு பிராண்டுன்னா 6 பேட்டரி, ரூ.21,000. முதல் டூல் வாங்குற அன்னைக்கே அடுத்த பத்து வருஷச் செலவைத் தீர்மானிச்சிடுறீங்க.

ஒரு எச்சரிக்கை. ஒரே பிராண்டுன்னா எல்லா பேட்டரியும் பொருந்தும்னு நினைக்காதீங்க. பாஷ் கம்பெனியோட நீல நிற புரொஃபஷனல் 18 வோல்ட் பேட்டரி, அதே கம்பெனியோட பச்சை நிற ஹோம் டூலில் சேராது. மகிட்டாவின் எல்எக்ஸ்டி 18 வோல்ட் வரிசை வேறு, எக்ஸ்ஜிடி 40 வோல்ட் வரிசை வேறு. அதனால பிராண்ட் பெயரோட வரிசையின் பெயரையும் கேட்டுக்கோங்க.

நீங்க எந்த கேஸ்?

கேஸ் 1: வாடகை வீடு, எப்பவாவது ஒரு ஓட்டை. கர்ட்டன் ராடு, சுவர் அலமாரி, டிவி ஸ்டாண்ட், வாட்டர் ப்யூரிஃபையர். குடிவரும்போது பத்துப் பதினைஞ்சு ஓட்டை, அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் வேலை. ஆள் கூப்பிட்டா ஒரு முறைக்கு ரூ.400 ஆகுதுன்னு வைங்க. வருஷத்துக்கு 3 முறைன்னா ரூ.1,200. 14,000 ரூபாய் கிட் வாங்கி அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் பதினோரு வருஷத்துக்கு மேல ஆகும். லித்தியம் பேட்டரியோ சும்மா வெச்சிருந்தாலும் வயசாகிக்கிட்டே இருக்கும். அதாவது, போட்ட காசு திரும்புறதுக்கு முன்னாடியே பேட்டரி மாத்த வேண்டி வரும்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. கர்ட்டன் ராடு எங்க மாட்டுவோம்? ஜன்னலுக்கு மேல. அங்க இருக்கிறது பெரும்பாலும் லின்டல், அதாவது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். செங்கல் சுவர்ல சுலபமா இறங்குற சின்ன கார்ட்லெஸ் ட்ரில், லின்டல்ல அரை இன்ச்சோட நின்னுடும். நீங்க அழுத்த அழுத்த பிட் முனை மழுங்கும், மோட்டார் சூடாகும், பேட்டரி காலியாகும். "மெஷின் சரியில்ல"ன்னு ரிவ்யூ எழுதுற நிறைய பேரோட பிரச்சனை இதுதான். கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹேமர் வேணும். அது பிட்டைச் சுத்துறதோட உள்ளே இருக்கிற பிஸ்டனால பின்னாலிருந்து குத்தவும் செய்யும்.

ஆகவே கேஸ் 1-க்கு என் பரிந்துரை: ஆள் கூப்பிடுங்க, அல்லது நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஒயர் வைத்த இம்பேக்ட் ட்ரில் வாங்கி வெச்சுக்குங்க. ஒயர் மெஷினுக்கு பேட்டரி வயசாகிற கவலை கிடையாது. அஞ்சு வருஷம் பரண்ல கிடந்தாலும் எடுத்தா ஓடும். ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இல்லன்னா காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிப்பாங்க.

கேஸ் 2: சொந்த வீடு, நாமே செய்யிற ஆர்வம். வீட்டுல அடிக்கடி வர்றது ஓட்டை போடுற வேலையை விட ஸ்க்ரூ முடுக்குற வேலைதான். கட்டில், அலமாரிக் கீல், ஸ்விட்ச் போர்டு, பசங்க சைக்கிள். இதுக்கு 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரைவர் தாராளம். எடை கம்மி, ஒரு கையில பிடிக்கலாம், விலையும் கம்மி. சுவர் ஓட்டைக்குத் தனியா ஒரு ஒயர் இம்பேக்ட் ட்ரில். இந்த ரெண்டும் சேர்ந்தே பல இடத்துல ஒரு பெரிய 18 வோல்ட் கிட்டை விடக் குறைவா வரும். வீட்டுல பிளக் பாயின்ட் பக்கத்துலயே இருக்கும்போது எல்லாத்தையும் பேட்டரில ஓட்டணும்னு அவசியம் என்ன?

கேஸ் 3: இதுதான் தொழில். சிசிடிவி, ஃபைபர், ஏசி, மாடுலர் கிச்சன். கட்டிக்கிட்டிருக்கிற பில்டிங்ல கரண்ட் இருக்காது. ஏணி மேல நின்னுக்கிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒயரை இழுக்கிறது ஆபத்து. இங்க கார்ட்லெஸ் நேரத்தையும் காப்பாத்தும், உயிரையும் காப்பாத்தும். 18 வோல்ட் வரிசை, குறைஞ்சது ரெண்டு பேட்டரி, பிரஷ்லெஸ் மோட்டார். ஒண்ணு மெஷின்ல, இன்னொண்ணு சார்ஜர்ல. தினமும் ரூஃப்ல ஓட்டை போடுறவங்க அதே வரிசையில ரோட்டரி ஹேமர் கிடைக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்க.

பிரஷ்லெஸ் எதுக்கு? சாதாரண மோட்டார்ல கார்பன் பிரஷ் உரசிக்கிட்டே ஓடும். அந்த உரசல்ல சக்தி வெப்பமா வீணாகும், கார்பனும் தேயும், மாத்தணும். பிரஷ்லெஸ்ல அந்த உரசல் இல்லாததால ஒரே சார்ஜ்ல அதிக வேலை நடக்கும். தினமும் ஓட்டுறவருக்குக் கூடுதல் விலை திரும்பி வந்துடும். மாசம் ஒரு முறை ஓட்டுறவருக்கு வராது.

வோல்ட், ஆம்பியர் ஹவர்: ரெண்டு நிமிஷத்துல

லித்தியம் அயான் செல் ஒண்ணோட சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழு சார்ஜ்ல 4.2 வரை போகும். அஞ்சு செல்லை வரிசையா இணைச்சா 5 × 3.6 = 18 வோல்ட். அதே அஞ்சு செல் முழு சார்ஜ்ல 20, 21-ஐத் தொடும். அதனால "18 வோல்ட்" மெஷினும் "20 வோல்ட் மேக்ஸ்" மெஷினும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான். டீவால்ட் ஒரே வரிசையை அமெரிக்காவுல 20 வோல்ட் மேக்ஸ்னும் ஐரோப்பாவுல 18 வோல்ட்னும் விக்குது. மூணு செல் போட்டா 10.8 வோல்ட், அதைத்தான் 12 வோல்ட்னு எழுதுறாங்க.

வோல்ட் என்பது தண்ணி டேங்க்கோட உயரம், ஆம்பியர் ஹவர் என்பது டேங்க்கோட அகலம்னு வைங்க. ரெண்டையும் பெருக்கினா மொத்தத் தண்ணி கிடைக்கும். அதுதான் வாட் ஹவர்.

- 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் = 36 வாட் ஹவர்
- 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் = 72 வாட் ஹவர்
- 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் = 90 வாட் ஹவர்

ரெண்டு கிட்டை ஒப்பிடும்போது விலையை மொத்த வாட் ஹவரால வகுத்துப் பாருங்க. ரெண்டு 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியும் ஒரே ஒரு 4 ஆம்பியர் ஹவர் பேட்டரியும் மொத்தத்துல ஒண்ணுதான். ஆனா தொழில் செய்யிறவருக்கு ரெண்டா இருக்கிறது நல்லது. ஒண்ணு போனாலும் வேலை நிக்காது.

கரண்ட் பில்லைப் பத்திக் கவலையே வேணாம். 72 வாட் ஹவர் பேட்டரியை, சார்ஜர்ல வீணாகிறதையும் சேர்த்து, ஒரு யூனிட்ல பத்து தடவைக்கு மேல முழுசா ஏத்தலாம். வெளிநாட்டு வேலைக்குப் போறவங்க ஒண்ணு கவனிங்க: விமானத்துல தனி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டில போடக் கூடாது. 100 வாட் ஹவர் வரைதான் ஏர்லைன் கிட்ட தனி அனுமதி வாங்காம கைப்பையில எடுத்துட்டுப் போகலாம்.

"48 வோல்ட்", "88 விஎஃப்" பேட்டரி: தராசுல வைங்க

பெயர் தெரியாத பிராண்டுல 48, 88, 128னு நம்பர் போட்டு ரொம்பக் குறைஞ்ச விலைக்கு கிட் வரும். அந்த நம்பருக்கும் வோல்ட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. உள்ளே பெரும்பாலும் அதே அஞ்சு செல்தான். நிஜமா 48 வோல்ட் வேணும்னா பதிமூணு செல்லைத் தொடரா இணைக்கணும். கைக்குள்ள அடங்குற பேட்டரில அதுக்கு இடம் எங்க?

சுலபமான சோதனை எடைதான். டூல் பேட்டரில அதிகம் வர்றது 18650 செல். ஒரு செல் சுமார் 45 கிராம். அதோட கொள்ளளவு அதிகபட்சம் 3.5 ஆம்பியர் ஹவர் கிட்டத்தான். ஆகவே இந்த செல்லை வெச்சு 18 வோல்ட், 6 ஆம்பியர் ஹவர் கொடுக்கணும்னா குறைஞ்சது பத்து செல் வேணும். செல் மட்டுமே 450 கிராம். மேல் கூடு, சர்க்யூட் தனி. "6 ஆம்பியர் ஹவர்"னு எழுதின பேட்டரி 300 கிராம்தான் நிக்குதுன்னா, மீதி காத்துன்னு அர்த்தம்.

பேட்டரி மேல வாட் ஹவர் அச்சிட்டிருக்கான்னு பாருங்க. லித்தியம் பேட்டரிக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 16046, அதோட ஆர் எழுத்துல தொடங்குற பதிவு எண், ரெண்டும் இருக்கான்னும் பாருங்க.

பழைய பேட்டரில செல் மாத்தித் தர்றோம்னு சொல்றவங்ககிட்டயும் ஜாக்கிரதை. ட்ரில் திணறும்போது 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அஞ்சு செல் பேட்டரில அந்த முழு கரண்ட்டும் ஒவ்வொரு செல் வழியாவும் போகணும். பழைய லேப்டாப் பேட்டரில இருந்து எடுத்த செல் அதுக்காகச் செஞ்சது இல்ல. சூடாகும், சில சமயம் தீப்பிடிக்கும். ராத்திரி பெட்ரூம்ல சார்ஜ் போட்டுட்டுத் தூங்குற பொருள் இது. 1,000 ரூபாய் மிச்சத்துக்கு அந்த ரிஸ்க் வேணாம்.

கம்பெனி வேலைக்கு யார் காசு?

இது இளைஞர்கள் அதிகம் ஏமாறுற இடம். கம்பெனி கொடுத்த மெஷின் மெதுவா இருக்குன்னு, சம்பளத்துல சொந்தமா ஒண்ணு வாங்கி சைட்டுக்குக் கொண்டு போவாங்க. வேலை சீக்கிரம் முடியும், லாபம் கம்பெனிக்கு. பேட்டரி தேயும், நஷ்டம் உங்களுக்கு. சம்பளக்காரருக்கு இந்த பில்லைக் காட்டி வரியும் குறைக்க முடியாது.

முதல்ல கேளுங்க. "சார், இந்த மெஷின் இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு பாயின்ட் கூட முடிக்கலாம்"னு மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ எழுத்தா கேளுங்க. வாங்கித் தரலன்னா டூல் அலவன்ஸ் கேளுங்க. ரெண்டும் இல்லன்னா, அடுத்த சம்பளப் பேச்சுல அதையும் கணக்குல வைங்க.

ஞாயித்துக்கிழமை சொந்தமா வேலை எடுக்கிறீங்கன்னா கணக்கு வேற. கம்பெனி விதி அதை அனுமதிக்குதான்னு பார்த்துக்குங்க. ஒரு ஞாயிறுக்கு பெட்ரோல், பிட், பிளக் செலவு போக ரூ.600 நிக்குதுன்னு வைங்க. மாசம் ரெண்டு ஞாயிறுன்னா ரூ.1,200. 14,000 ரூபாய் கிட் ஒரு வருஷத்துல காசை எடுத்துடும். அதுக்கப்புறமும் மாசம் ரூ.200 "பேட்டரி நிதி"ன்னு தனியா எடுத்து வைங்க. மூணு வருஷத்துல ரூ.7,200. பேட்டரி சாகும்போது ரெண்டு புதுசு வாங்கப் பணம் ரெடியா இருக்கும்.

நோ காஸ்ட் இஎம்ஐ நிஜமாவே சும்மாவா?

14,000 ரூபாயை 6 மாத நோ காஸ்ட் இஎம்ஐல போடுறீங்க. வட்டி 15 சதவீதம்னு எடுத்தா சுமார் ரூ.600. அதை விற்பவர் தள்ளுபடியா கொடுத்துடுவார். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் ரூ.108, உங்க கார்டுல வரும். பிராசஸிங் கட்டணம் ரூ.199னா ஜிஎஸ்டியோட ரூ.235. மொத்தம் ரூ.343 போச்சு. மொத்தமா காசு கொடுத்தா கடைக்காரர் குறைச்சுத் தர்ற தொகையும் கிடைக்காது. பூஜ்ய வட்டின்னு உண்மையில் ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு.

டூல் சம்பாதிச்சுக் கொடுக்கும்னா 343 ரூபாய் பெரிசில்ல. கேஸ் 1, கேஸ் 2 ஆட்கள் மட்டும் ஆறு மாசம் ஆர்டி போட்டுட்டு வாங்குங்க. அந்த ஆறு மாசத்துல எத்தனை தடவை ட்ரில் தேவைப்பட்டுதுன்னு ஒரு பேப்பர்ல குறிங்க. பாதிப் பேருக்கு வாங்குற ஆசையே போயிடும்!

பேட்டரியை நீண்ட நாள் வாழ வைக்க

"முழுசா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்"னு பெரியவங்க சொல்வாங்க. அது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். 1961-ல பிளாக் அண்ட் டெக்கர் கொண்டு வந்த முதல் கார்ட்லெஸ் ட்ரில்லும் நிக்கல் காட்மியம்தான். 1991-ல சோனி விற்பனைக்குக் கொண்டு வந்த லித்தியம் அயானுக்கு அந்தப் பாடம் நேரெதிர். முழுசா தீர்க்காதீங்க, வேகம் குறைஞ்ச உடனே சார்ஜ் போடுங்க.

- வெயில்: மே மாசம் பைக் பாக்ஸ்லயோ வேன் டேஷ்போர்டுலயோ பேட்டரியை விடாதீங்க. வெப்பம்தான் லித்தியத்துக்கு முதல் எதிரி.
- சூடான சார்ஜ்: வேலை முடிஞ்ச உடனே சார்ஜர்ல போடாம அரை மணி நேரம் ஆற விடுங்க. 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது.
- ஓய்வு: மாசக்கணக்குல எடுக்க மாட்டீங்கன்னா பாதி சார்ஜ்ல, மெஷின்ல இருந்து கழட்டி, வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை பாருங்க.
- மழை: தரைத்தள வீடுன்னா மேல் அலமாரில வைங்க. தண்ணில முங்கின பேட்டரியைக் காய வெச்சு சார்ஜ் போடவே கூடாது.
- சாவு: செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டில போடாதீங்க. 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. சர்வீஸ் சென்டர்ல கேட்டுக் கொடுங்க.

கடைல கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

பூந்தமல்லி கடையா இருந்தாலும் பாரிமுனையா இருந்தாலும் ஆன்லைனா இருந்தாலும் இதே ஆறுதான்.

1. இந்தப் பேட்டரி வரிசைல இன்னும் என்னென்ன டூல் இருக்கு? எனக்கு அடுத்து வேணும்ங்கிறது இருக்கா?
2. தனி பேட்டரி விலை என்ன? இப்பவே ஸ்டாக் இருக்கா? (இல்லன்னா கிட்டை அங்கேயே வெச்சிடுங்க.)
3. வாரன்டி மெஷினுக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு? ரெண்டும் பெரும்பாலும் வேற வேற.
4. சர்வீஸ் சென்டர் எங்க? அம்பத்தூர், கிண்டி தூரமா, இல்ல வேற மாநிலத்துக்கு கூரியரா?
5. ஜிஎஸ்டி பில்லுல மெஷின் நம்பர் எழுதித் தருவீங்களா?
6. லின்டல்ல ஒரு ஓட்டை போட்டுக் காட்ட முடியுமா?

பில் இருந்தும் வாரன்டி மறுத்தா 1915-க்குப் போன் பண்ணுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில் இல்லன்னா அங்கயும் உங்க கை கட்டப்பட்டிருக்கும்.

சுருக்கமா: எப்பவாவதுன்னா ஆள் கூப்பிடுங்க. அடிக்கடி வீட்டு வேலைன்னா 12 வோல்ட்டும் ஒரு ஒயர் ட்ரில்லும். தொழில்னா 18 வோல்ட்ல ஒரே குடும்பம், ரெண்டு நல்ல பேட்டரி. நீங்க எந்த கேஸ், தனி பேட்டரி உங்க ஏரியாவுல என்ன விலை சொல்றாங்கன்னு கமெண்ட்ல போடுங்க. கிட் வாங்கலாம்னு நினைச்சுக்கிட்டிருக்கிற ஒரு நண்பருக்கு, அவர் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க.